கணக்கு யார் கையில்?



தங்கள் தந்தையின் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை வைத்தவர்கள், ‘சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரிப் பேசிவிடாதீர்கள்’ என்று ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்கள். அதனால் சட்டத்திலிருந்து தொடங்காமல் என் அப்பாவின் டைரியிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்தார். சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டைரி எப்போதும் இருக்கும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும், காப்பி குடிப்பதற்கு முன்னால், அதில் இரண்டு வரி எழுதுவார். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், அவ்வளவுதான். சில நாள் மூன்றாவது வரி ஒன்று இருக்கும்: ‘ஆள் வரவில்லை. இரண்டு பக்கம் சேர்த்துப் பார்த்தேன்.’ சிறுவனான எனக்கு அது ஒரு பழக்கமாக மட்டுமே தெரிந்தது. ஓவர்டைம் தகராறு வந்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது. மில்லின் பதிவேட்டில் எல்லோரும் எட்டு மணி நேரம் மட்டுமே வேலை பார்த்திருந்தார்கள். அப்போது நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தரச் சொன்னது. ஆனால் கூடுதல் நேரம் பதிவேட்டிலேயே இல்லையே! பதினான்கு பேர் மனு போட்டார்கள். மூன்று பேரிடம் டைரி இருந்தது. மூன்று பேரும் வேறு வேறு தெருவில் இருந்தவர்கள், ஒருவர் டைரியை மற்றவர் பார்த்ததில்லை. ஆனாலும் மூன்றும் நாளுக்கு நாள் ஒத்துப்போயின. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்தது.

தொழிலாளர் சட்டத்துக்கு நான் வந்ததே அந்த டைரியால்தான். இன்று நான் பேச வந்திருப்பதும் அதைப் பற்றித்தான். டைரி இப்போது போனாகவும் கைக்கடிகாரமாகவும் மாறியிருக்கிறது. எடுத்த அடிகள், நாடித் துடிப்பு, தூங்கிய நேரம், போன இடம் எல்லாம் தானே பதிவாகின்றன. 2007இல் கேரி வுல்ஃப், கெவின் கெல்லி என்ற இரு அமெரிக்கப் பத்திரிகையாளர்கள், தன்னைத் தானே அளந்துகொள்வதை ஓர் இயக்கமாகவே தொடங்கினார்கள். தன் உடம்பைத் தான் அறிந்துகொள்ள வேண்டும் என்பது நல்ல ஆசைதான். அந்த அளவு வேலை இடத்துக்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி எழுகிறது: கணக்கை எழுதுவது யார்?

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: கணக்கப்பிள்ளை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் செக்ரோல் என்ற பதிவேட்டோடு நிற்பவர் அவர். நாளொன்றுக்கு நிர்ணயித்த கிலோவைப் பறித்தால், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மலைச்சரிவில் நின்ற ஒரு மனுஷியின் முழுநாள், ஒரு பேனாக் கோட்டில் அரை நாளாகிவிடும். கூடையின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் என்று சில கிலோவைக் கழித்த பிறகுதான் அந்தக் கோடு விழும். பறித்தவளுக்குத் தன் கூடையின் கனம் தோளில் தெரியும். ஆனால் தோளில் தெரிவதை எந்தத் தராசிலும் ஏற்ற முடியாது. தொழிலாளர் பிரச்சினை என்று நாம் பேசுவதில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். வேலை செய்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர். சம்பளமோ எழுதியதற்குத்தான் கிடைக்கிறது.

இன்றைய கணக்கப்பிள்ளைக்கு முகம் இல்லை. 2024 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், அங்குள்ள அமேசான் கிடங்கு நிறுவனத்துக்கு 3 கோடியே 20 லட்சம் யூரோ அபராதம் விதித்ததாக அறிவித்தது. கிடங்கில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர் இருந்தது. பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அது பதிவு செய்தது. பத்து நிமிடமும் அதற்கு மேலும் ஸ்கேனர் சும்மா இருந்தால் அது தனியாகக் குறிக்கப்பட்டது. பத்து நிமிடத்துக்கு உள்பட்ட நிறுத்தங்களுக்கும் தனிக் கணக்கு இருந்தது. ஒரு பொருளை ஸ்கேன் செய்து 1.25 விநாடிக்குள் அடுத்ததை ஸ்கேன் செய்தால் அதுவும் பிழை என்று குறிக்கப்பட்டது, கவனம் போதாது என்று பொருள். மெதுவாகப் போனாலும் பிடித்தது, வேகமாகப் போனாலும் பிடித்தது. இவ்வளவு நுணுக்கமாக அளப்பது மிகையானது, ஒவ்வொரு சிறு இடைவெளிக்கும் தொழிலாளி காரணம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்குவது என்பது ஆணையத்தின் முடிவு.

நம் நாட்டிலும் நாகபுரி, சண்டிகர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். கடிகாரம் பழுதானாலும் சார்ஜ் தீர்ந்தாலும் சம்பளம் பிடிபடுகிறது என்று அவர்கள் புகார் சொன்னார்கள், தெருவில் இறங்கிப் போராடினார்கள். குப்பை அள்ளக் கையுறை தராத இடத்தில் கையைக் கண்காணிக்கக் கடிகாரம் தருவதை எந்தச் சொல்லால் கண்டிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

‘இது உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்லி அளப்பது இன்னொரு வகை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 2018இல் ஆசிரியர்களும் பிற அரசு ஊழியர்களும் கோ365 என்ற உடல்நலச் செயலியைப் போனில் ஏற்ற வேண்டும் என்று காப்பீட்டு அமைப்பு சொன்னது. நடந்து, உடற்பயிற்சி செய்து புள்ளி சேர்க்க வேண்டும். சேர்க்காதவர் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். சம்பளம் உயராமல் காப்பீட்டுச் செலவு மட்டும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துபவரிடம் போய், நீ எத்தனை அடி நடந்தாய் என்று காட்டு என்றதும் கொதித்துவிட்டார்கள். செயலியைக் கட்டாயமாக்கும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் மூண்ட கோபம் அடங்கவில்லை. அந்த பிப்ரவரியில் 55 மாவட்டங்களிலும் பள்ளிகள் மூடப்பட்டன. சம்பள உயர்வு பெற்றுத்தான் திரும்பினார்கள்.

இதையெல்லாம் கேட்டால், அளவே வேண்டாம், கருவியே வேண்டாம் என்று தோன்றும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். என்னை மாற்றியது இத்தாலியின் டுரின் நகரத்து வரலாறு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டுரின், ஃபியட் கார் ஆலையின் ஊர். அங்கே இவார் ஒட்டோனே என்ற மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பாசிசத்தை எதிர்த்து மலைகளில் போரிட்டவர். எழுத்தாளர் இதாலோ கால்வினோ தம் முதல் நாவலில் வரும் கிம் என்ற பாத்திரத்தை இவரை வைத்துத்தான் உருவாக்கினார். 1960களில் ஒட்டோனே தொழிலாளர்களோடு உட்கார்ந்து, ஆலை உங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கம்பெனி மருத்துவரின் வேலையாக இருந்தது. புகைக்கும் இரைச்சலுக்கும் சம்பளத்தில் கொஞ்சம் கூடுதல் கொடுத்து வாயை அடைப்பது வழக்கமாக இருந்தது. உடல்நலம் விற்பனைக்கு இல்லை என்பது அந்த இயக்கத்தின் முழக்கமாயிற்று.

அவர்கள் செய்தது இதுதான். ஒரே இடத்தில், ஒரே வேலையை, ஒரே புகையில் நின்று செய்கிறவர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். தங்களைத் தாக்குவதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். வெளிச்சம், வெப்பம், ஈரம், இரைச்சல் போல வீட்டிலும் இருக்கக்கூடியவை ஒன்று. தூசி, ஆவி, புகை போல ஆலைக்கே உரியவை இன்னொன்று. உடல் உழைப்பின் களைப்பு மூன்றாவது. வேலையின் வேகம், சலிப்பு, பதற்றம் நான்காவது. இந்த நான்காவதை ஒரு வகையாக எழுதிவைத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதை அளக்கக் கருவியே கிடையாது, அனுபவித்தவர்தான் சொல்ல முடியும். வெளியிலிருந்து வரும் நிபுணரின் அளவு, அந்தக் குழு ஏற்றுக்கொண்டால்தான் செல்லும் என்றார்கள். ஆலையின் சூழலுக்கு ஒரு பதிவேடு, நோய்களுக்கும் விடுப்புகளுக்கும் ஒரு பதிவேடு, ஒவ்வொருவருக்கும் தன் ஆபத்துகளை எழுதிவைக்கும் கைப்புத்தகம் என்று கேட்டு, உலோகத் தொழிலாளர் ஒப்பந்தங்களில் பெற்றார்கள். 1970 மே 20ஆம் தேதியிட்ட தொழிலாளர் உரிமைச் சட்டம் தொழிலாளரைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் கருவிகளுக்குக் கடிவாளம் போட்டது. அதே சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு, பாதுகாப்பு விதிகள் நடக்கின்றனவா என்று தொழிலாளரே தம் பிரதிநிதிகள் மூலம் சரிபார்க்கும் உரிமையைத் தந்தது. முதலாளியின் கண்ணுக்கு எல்லை, தொழிலாளியின் கண்ணுக்கு உரிமை. இரண்டும் ஒரே சட்டத்தில் இருந்தன. நாம் இன்று கேட்க வேண்டியதும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் ஷிப்ட் என்று ஒரு நிறுவனம், கடையில் சாமான் வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. முன்பு சம்பளக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஓர் ஆர்டருக்கு 5 டாலர், அதோடு பில் தொகையில் ஏழரை சதவீதம். யாரும் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020இல் இதை மாற்றி, எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று செயலியே மதிப்பிட்டுக் கூலி போடும் முறை வந்தது. கணக்கு மறைந்துவிட்டது. சிலர் கூலி குறைந்ததாகச் சொன்னார்கள், நிறுவனம் அப்படி இல்லை என்றது. டெக்சாஸில் இந்த வேலை செய்துகொண்டிருந்த வில்லி சோலிஸ் என்ற தொழிலாளி, சக தொழிலாளர்களிடம் கூலி ரசீதுகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் துணைக்கு வந்தார். ஸ்கிரீன்ஷாட்டை ஓர் எண்ணுக்கு அனுப்பினால், பழைய முறையில் எவ்வளவு வந்திருக்கும், இப்போது எவ்வளவு வந்திருக்கிறது என்று பதில் வரும்படி ஒரு கணிப்பானை உருவாக்கினார். இருநூறுக்கும் மேற்பட்டோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ரசீதுகளை அனுப்பினார்கள்.

முடிவு என்ன? சராசரியைப் பார்த்தால் கூலி குறையவில்லை, சற்றுக் கூடியும் இருந்தது. ஆனால் நூற்றுக்கு நாற்பது பேருக்குப் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வெட்டு விழுந்திருந்தது. நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூலி கூடியவரும் உண்மையைத்தான் சொன்னார், குறைந்தவரும் உண்மையைத்தான் சொன்னார். தனித்தனியாக இருந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பொய் சொல்வதாக நினைத்திருப்பார்கள். சேர்த்து வைத்தபோதுதான் படம் தெரிந்தது. ஒருவர் போனில் இருப்பது வெறும் ரசீது. இருநூறு பேருடையது சேர்ந்தால் சாட்சியம். அப்பாவின் மில்லில் மூன்று டைரிகள் செய்த வேலையும் இதேதான்.

ஆனால் தொழிலாளி தானே சேர்ப்பது போதாது, நிறுவனம் வைத்திருப்பதையும் கேட்டு வாங்க வேண்டும். லண்டனில் ஊபர் ஓட்டிய ஜேம்ஸ் ஃபேரர், யாசீன் அஸ்லம் இருவரும் தாங்கள் தொழிலாளர்கள்தான் என்று வழக்குத் தொடுத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அனுமதி பெற்ற பகுதிக்குள் செயலியை இயக்கி, சவாரி ஏற்கத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. காத்திருந்த நேரத்தைக் காட்டத் தரவு வேண்டுமே! ஃபேரர் அடுத்து அதில்தான் இறங்கினார். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தவை. தன்னைப் பற்றிய தரவை எவரும் கேட்டுப் பெறலாம், மனிதர் தலையிடாமல் இயந்திரம் மட்டும் எடுக்கும் பெரிய முடிவுகளிலிருந்து பாதுகாப்புப் பெறலாம் என்று அவை சொல்கின்றன. அந்த விதிகளை வைத்து ஓட்டுநர்கள் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

எதிர்த்தரப்பில் ஊபர் மட்டும் இல்லை, நம் ஊர் ஓலாவும் இருந்தது. 2023 ஏப்ரல் 4 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சில ஓட்டுநர்களின் கணக்கை ஊபர் முடக்கியதில் மனிதர் பார்த்ததாகச் சொல்வது பெயரளவுக்குத்தான் என்றது. ஓலா தன் ஓட்டுநர்களுக்கு மோசடி வாய்ப்பு மதிப்பெண் போட்டுவைத்திருந்தது. அந்த மதிப்பெண்ணையும், யாருக்கு எந்தச் சவாரி என்று முடிவு செய்யும் முறையையும் ஓட்டுநருக்கு விளக்க வேண்டும் என்றது. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. ஓர் இந்திய நிறுவனத்திடம் லண்டன் ஓட்டுநர் கேட்டு வாங்க முடிந்ததை, சென்னை ஓட்டுநர் எந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பார்?

நம்மிடம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இருக்கிறது. பலரும் அதைக் கொண்டாடினார்கள். ஒரு தொழிலாளியின் கண்ணால் அதைப் படித்துப் பாருங்கள். பொதுவாக ஒருவரின் தரவை எடுக்க அவர் சம்மதம் வேண்டும். 7ஆம் பிரிவு சில விலக்குகளைச் சொல்கிறது. வேலைவாய்ப்பு சார்ந்த தேவைகள், முதலாளிக்கு நட்டம் வராமல் காப்பது ஆகியவற்றுக்குச் சம்மதம் இல்லாமலே எடுக்கலாம் என்பது அவற்றில் ஒன்று. சரி, எடுத்ததைக் காட்டச் சொல்லலாமா? தரவைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமை 11ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது சம்மதம் கொடுத்தவருக்கும், தானாக முன்வந்து தரவைத் தந்தவருக்கும்தான். திருத்தச் சொல்லும் 12ஆம் பிரிவும் அப்படியே. தொழிலாளியிடமிருந்து சம்மதம் கேட்காமல் எடுத்ததால், அதைக் கேட்கும் உரிமையும் அவருக்கு இல்லாமல் போகிறது. இயந்திரம் மட்டும் எடுக்கும் முடிவை எதிர்க்க இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவே கிடையாது.

செயலி வழியாக வேலை பெறும் கிக் தொழிலாளர்களுக்காகக் கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டம் ஓரளவு இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. தானியங்கி முறைகள் வேலையை எப்படித் தீர்மானிக்கின்றன என்று சொல்ல வேண்டும், நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் அவர்களுக்கென நல வாரியம் அமைந்தது. நல்லதுதான், ஆனால் வாரியம் உதவித்தொகை தரும், கணக்கைத் திறந்து காட்டாது. ‘ஐடி பிளாக் ஆகிடுச்சு சார், ஏன்னே சொல்ல மாட்டேங்கறாங்க’ என்று என் அலுவலகப் படியேறி வரும் பையன்களுக்கு அது விடை ஆகாது.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. தினம் பன்னிரண்டு மணி நேர வேலை. ஏஜென்சியின் வருகைப் பதிவில் எட்டு. நீங்கள் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் மகள் அப்பாவின் போனை வாங்கி, அதிலிருந்த வரைபடச் செயலியைத் திறந்து காட்டினாள். தேதி தேதியாக, எத்தனை மணிக்கு அந்த வாசலுக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று எல்லாம் இருந்தது. அவருக்கே தெரியாமல் அவர் டைரி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்! ஆனால் அது இரண்டரை ஆண்டுக்குத்தான் இருந்தது. அதற்கு முன்னால் போன் மாற்றியதில் பழையது அழிந்துவிட்டது. நம்முடையது என்று நினைத்த டைரியும் இன்னொருவர் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. இருந்த வரைக்கும் கணக்குப் போட்டுப் பணம் வாங்கினோம். முந்தைய நான்கு ஆண்டுகள் போயே போய்விட்டன.

இதில் ஆபத்தும் உண்டு. அவர் மதியம் பக்கத்து டீக்கடைக்கு இருபது நிமிடம் போனதும் அதே செயலியில் இருந்தது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையும் எடுத்துக் கேட்டார். தன் உடம்பின் பதிவைத் தானே வைத்திருப்பவர், ஒருநாள் அதைக் கொடு என்று கேட்கப்படலாம். அதனால்தான் வேலைக்கு வேண்டிய அளவே பதிவு செய்யுங்கள் என்கிறேன். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், செய்த ஆர்டர், வாங்கிய கூலி போதும். நாடித் துடிப்பு உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும். ஆஸ்திரேலிய அரசின் பணியிட நியாய அமைப்பு 2017இல் வெளியிட்ட செயலி, தொழிலாளி வேலை இடத்துக்குள் வந்ததையும் வெளியேறியதையும் குறித்து அவர் கையிலேயே கொடுத்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2011இலேயே இப்படி ஒன்றை வெளியிட்டது. நம் தொழிலாளர் துறை இதைச் செய்யப் பெரிய செலவு ஆகாது.

பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவர் மேல் எழுதும் சுமையையும் ஏற்றுவதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சரியான பதிவு வைப்பது முதலாளியின் கடமை. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 மே 14 அன்று, ஸ்பெயினின் ஒரு தொழிற்சங்கம் டாய்ச்சே வங்கி மேல் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு நாளும் உழைத்த நேரத்தை நம்பகமாக அளக்கும் முறையை முதலாளிகள் வைக்கச் செய்வது அரசுகளின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. முதலாளி அந்தக் கடமையில் தவறினால் என்ன செய்வது? அதற்கு 1946இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிச்சிகன் மாநிலப் பீங்கான் தொழிலாளர்கள் வழக்கில் விடை சொன்னது. முதலாளியின் பதிவு சரியில்லை என்றால், தொழிலாளி நியாயமாக நம்பத்தக்க அளவுக்குக் காட்டினால் போதும், அதைப் பொய்யென்று நிரூபிப்பது முதலாளியின் வேலை. இப்படி ஒரு தொழிலாளியின் துண்டுச் சீட்டுக்கும் மதிப்பு இருக்கிறது.

கடைசியாக, சட்டம் படிக்கும் மாணவர்களிடமும் சங்கத் தோழர்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகியிருக்கின்றன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்காக எடுக்கும் தரவும் 11, 12ஆம் பிரிவுகளுக்குள் வர வேண்டும் என்று இந்த அவகாசத்துக்குள் ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். உங்கள் சங்க அலுவலகத்தில் ஒரு மேசையை இதற்கென்று ஒதுக்குங்கள். கணினி தெரிந்த ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள், உறுப்பினர்களின் ரசீதுகளையும் நேரங்களையும் அந்தப் பிள்ளை வாங்கிச் சேர்த்து வைக்கட்டும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதைத் தயாரிக்க உதவ இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் வழக்கறிஞர்கள் முன்வர வேண்டும். யாருக்காவது உதவி வேண்டுமென்றால் சனிக்கிழமை மாலைகளில் என் அலுவலகம் திறந்திருக்கும், வாருங்கள்.